செயல்முறையும் அடையாள எண்ணும்: ஒரு சிந்தனை

பெயரிட்டு அழைத்தல் மனித இனத்தின் தொன்மையான கலைகளுள் ஒன்று. மக்கள் பெருகி, வீடுகள் நெருங்கி, பெயர் மட்டும் போதாது என்ற நிலை வந்தபோது எண் வந்து துணை நின்றது. சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தையே எடுத்துக்கொள்வோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-இல் நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய இப்பகுதியில், தெருக்கள் பல எண்ணாலேயே வழங்கப்படுகின்றன. இரண்டாவது மெயின் ரோடு, மூன்றாவது குறுக்குத் தெரு என்றவாறு. இதன் அஞ்சல் எண்ணாகிய 600028, 2007-இல் ஒரு திரைப்படத்திற்கே பெயராயிற்று. அங்கே ஒரு வீட்டைத் தேடிச் செல்பவர் வாயிற்சுவரில் பெரும்பாலும் இரண்டு எண்களைக் காண்பார்: ஒன்று பழைய எண், மற்றொன்று புதிய எண். மாநகராட்சி தெருவுக்குத் தெரு மறுபடியும் எண்ணிட்டதன் விளைவு இது. பழைய 12 இன்று 27 ஆகியிருக்கலாம். இன்றைய 12 முன்பு வேறோர் எண் பெற்றிருந்த வீடாக இருக்கலாம். எண்ணை மட்டும் எழுதி அனுப்பிய கடிதம் எவ்வீட்டைச் சேரும்? அஞ்சல்காரர் தெருவையும் தெருவில் வாழ்வோரையும் அறிந்தவராதலால் தவறு அடிக்கடி நேர்வதில்லை. கணிப்பொறிக்குள் அத்தகைய அஞ்சல்காரர் எவரும் இல்லை.

நாம் இங்குப் பேசப் புகுவது கணிப்பொறிக்குள் வழங்கும் இதையொத்த ஓர் எண்ணைப் பற்றியதாகும். நிரல் ஒன்று வட்டில் கிடக்கும்போது வெறும் எழுத்துத் தொகுதி. அதனை இயக்கியவுடன் அது நினைவகத்தில் இடம்பெற்று, உயிர்பெற்று ஓடத் தொடங்குகிறது. ஓடுகின்ற அந்நிலையை ஆய்வகத்தில் ‘பிராசஸ்’ என்கிறோம். தமிழில் செயலாக்கம் என்றும் செயல்முறை என்றும் இருவகையாக எழுதுகின்றனர். கணினிக் கலைச்சொற்களை அகராதியாகத் தொகுத்த மணவை முஸ்தபா அவர்களின் உழைப்பிற்குப் பிறகும் இத்தகைய சொற்களில் ஒருமை முழுதும் ஏற்படவில்லை என்பது நமக்குள்ள குறையே. இக்கட்டுரையில் ‘செயல்முறை’ என்றே கொள்வோம். ஒவ்வொரு செயல்முறைக்கும் இயங்குதளம் ஓர் எண் வழங்குகிறது. மாணவர்கள் அதனை ‘பிராசஸ் ஐடி’ என்பர். நாம் அடையாள எண் என்போம். ஒரு செயல்முறையை நிறுத்த வேண்டுமா, அது முடியும்வரை காத்திருக்க வேண்டுமா, அதன் நிலையை அறிய வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவ்வெண்ணையே இயங்குதளத்திடம் கொடுக்கிறோம்.

இத்தகைய பொருள் தமிழ்த்துறை மலருக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்வது நம் இலக்கணத்தின் பழைய பணி. இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என நம் மாணவர்கள் பள்ளியிலேயே பயின்றுள்ளனர். மண், மரம் என்பன இடுகுறி. பறவை, நாற்காலி என்பன காரணம் பற்றி வந்தவை. அடையாள எண் முழுக்க முழுக்க இடுகுறி. 4127 என்னும் எண் அச்செயல்முறையைப் பற்றி எதையும் கூறவில்லை. ஆனால் நிரல் எழுதுவோர் அதனைக் காரணப்பெயராக வாசித்து இடர்ப்படுகின்றனர். 4127-ஐ விட 4200 பிற்பட்டது என எண்ணுகின்றனர். லினக்ஸில் எண்கள் வரிசையாக வழங்கப்படுவதால் அங்கு அது பலகாலும் உண்மைபோலவே தோன்றும். ஓபன்பிஎஸ்டி என்னும் இயங்குதளமோ எண்களைக் கலைத்துப் போட்டு வழங்குகிறது. இன்றைய விண்டோஸில் எண்கள் நான்கின் மடங்குகளாகவே காணப்படுகின்றன. அப்படித்தான் இருக்கும் என்ற உறுதியை அதனை உருவாக்கியவர்கள் எங்கும் அளிக்கவில்லை. ஓரிடத்துப் பழக்கத்தை எங்குமுள்ள விதியாகக் கொள்வதே இத்துறையில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

ஒரே நிரல் பல தளங்களிலும் ஓட வேண்டும் என்னும் தேவை நம் மாணவர்க்கு அயலானதன்று. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் காலத்துக் கணினிகளில், விண்டோஸும் சென்னை சீடாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் அருகருகே இடம்பெற்றிருந்தன. காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றொன்றிலும் பணியாற்றிய மாணவன் ஒருவன், இரண்டுக்கும் பொதுவாக நிரல் எழுத முற்பட்டால் முதலில் இடறுவது இவ்வெண்ணில்தான். யூனிக்ஸ் வழிவந்த தளங்களில், 1988-இல் வெளியான போசிக்ஸ் தரநிலையின்படி, இது குறை எண்ணையும் ஏற்கும் முழுஎண் வகை. விண்டோஸில் இது குறை எண்ணே இல்லாத 32 பிட் வகை. விண்டோஸ் 95 வழங்கிய எண்களோ மிகப் பெரியவை. யூனிக்ஸ் வழக்கில் எழுதிய நிரல்கள் அவற்றைக் குறை எண்களாகவே வாசித்தன. வேறுபாடு சிறிது எனத் தோன்றும். விளைவு சிறிதன்று.

அதனைச் சற்று விரித்துரைப்போம். யூனிக்ஸில் புதிய செயல்முறையைப் பிறப்பிக்கும் அழைப்பு ‘ஃபோர்க்’. வெற்றி பெற்றால் பெற்றோருக்குக் குழந்தையின் எண்ணைத் தருகிறது; குழந்தைக்கு 0 தருகிறது; தோல்வியுற்றால் -1 தருகிறது. ஒரே எண் மூன்று செய்திகளைச் சுமக்கிறது. செயல்முறைக்குக் குறிப்பு அனுப்பும் அழைப்பு ‘கில்’. அதற்கு 0 கொடுத்தால் நம்முடைய குழு முழுவதற்கும் குறிப்புச் செல்லும். -1 கொடுத்தால் நமக்கு அதிகாரமுள்ள செயல்முறைகள் அனைத்துக்கும் செல்லும். இப்போது இவ்விரண்டையும் இணைத்துப் பாருங்கள். ஒருவன் ஃபோர்க் தந்த எண்ணைச் சரிபாராமல் வைத்துக்கொள்கிறான். அன்று கணிப்பொறியில் நெருக்கடி; ஃபோர்க் தோற்று -1 தந்துவிட்டது. பின்னர், ‘என் குழந்தையை நிறுத்து’ என்ற எண்ணத்தில் அந்த -1-ஐக் கில்லுக்குக் கொடுக்கிறான். அவன் திறந்து வைத்திருந்த கட்டுரை, பாதியில் நின்ற கணக்கு, ஓடிக்கொண்டிருந்த பதிவிறக்கம் அனைத்தும் ஒரே நொடியில் அழிகின்றன. அவன் நிர்வாகியாக இருந்தால் அந்தக் கணிப்பொறியை நம்பியிருந்த அனைவருடைய பணியும் அழிகிறது. இஃது யூனிக்ஸ் நிரலாளர்கள் நன்கறிந்த பழைய விபத்து. தோல்வியைக் குறிக்கும் எண்ணும், ‘எல்லோரும்’ என்பதைக் குறிக்கும் எண்ணும் ஒன்றாக அமைந்தது எவருடைய தீய நோக்கமுமன்று; அன்றைய சிறிய கணிப்பொறிகளில் சிக்கனம் கருதிச் செய்த ஏற்பாடு. அச்சிக்கனத்தின் வட்டியை இன்றும் கட்டிவருகிறோம்.

0 என்பதை ‘ஒன்றுமில்லை’ என்று கொள்வோமா எனில், அதுவும் ஆகாது. விண்டோஸில் 0 கணினி ஓய்ந்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் செயல்முறைக்குரிய எண். ஆகவே தளம் கடந்து வழங்கவேண்டிய இடைமுகத்தில், ‘செயல்முறை இல்லை’ என்பதைச் சொல்ல எவ்வெண்ணையும் பயன்படுத்தக் கூடாது. அதற்கென்று தனி நிலை வேண்டும். இதுவரை சொன்னவை அனைத்தும் கவனத்தால் திருத்தத்தக்கவை. எத்துணைக் கவனத்தாலும் திருத்த இயலாத குறை ஒன்று உண்டு. அதுவே நம் கட்டுரையின் மையம்.

எண் திரும்ப வழங்கப்படுகிறது.

லினக்ஸில் இயல்பாக அமைந்த மேல்வரம்பு நெடுங்காலம் 32768. 64 பிட் கணினிகளில் அதனை 4194304 வரை உயர்த்தலாம். ஃப்ரீபிஎஸ்டியில் மிகப் பெரிய எண் 99999. எண்கள் தீர்ந்தவுடன் இயங்குதளம் தொடக்கத்துக்குத் திரும்பி, காலியாக உள்ளவற்றை மீண்டும் கொடுக்கிறது. சிறு சிறு செயல்முறைகள் பிறந்து பிறந்து மடியும் கணிப்பொறியில் 32768 எண்கள் தீர நெடுநேரம் ஆகாது. நாம் குறித்து வைத்த 4127 முடிந்துபோய், அதே எண்ணில் தொடர்பற்ற வேறொன்று ஓடிக்கொண்டிருக்கலாம். நாம் அனுப்பும் ‘நிறுத்து’ என்னும் ஆணை அதனைச் சென்று தாக்கும்.

நடைமுறையில் இது நேரும் இடம் ஒன்றைச் சொல்வோம். பின்னணியில் ஓடும் சேவை நிரல்கள் தம் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைப்பது பழைய வழக்கம். நிறுத்த வேண்டியபோது நிர்வாகியின் கட்டளை அக்கோப்பைப் படித்து, அவ்வெண்ணுக்கு ஆணை அனுப்பும். மின்தடை ஏற்படுகிறது. கணிப்பொறி மீண்டும் எழுகிறது. கோப்பு பழைய எண்ணோடு வட்டில் அப்படியே இருக்கிறது. 32768-இல் ஒன்று பொருந்துவது அரிதுதானே என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. கணிப்பொறி எழும்போது சேவைகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் தொடங்குவதால், எண்களும் சென்றமுறை விழுந்த இடத்துக்கு அருகிலேயே விழுகின்றன. பழைய எண் இப்போது பக்கத்துச் சேவையின் எண்ணாக அமைவது நாம் நினைப்பதைவிட எளிது. அந்தப் பக்கத்துச் சேவை தரவுத்தளமாக இருப்பின் நேரும் இழப்பை ஆய்வகப் பொறுப்பாளர்கள் அறிவார்கள்.

‘எண்ணோடு தொடங்கிய நேரத்தையும் சேர்த்துக் குறித்தால் போதாதா?’ என்பது நல்ல வினா. பலரும் அவ்வாறே செய்தனர். லினக்ஸில் பயனரின் அதிகாரத்தைச் சரிபார்க்கும் ‘போல்கிட்’ என்னும் மென்பொருளும் எண்ணையும் தொடக்க நேரத்தையும் இணைத்தே செயல்முறையை அடையாளம் கண்டது. அதனையும் ஏமாற்ற இயலும் என்பது 2019 தொடக்கத்தில் வெளிப்பட்டது. புதிய செயல்முறை பிறக்கும் அக்கணத்தைச் செயற்கையாக நீட்டித்து, மடிந்த ஒன்றின் எண்ணும் நேரமும் ஒருங்கே தனக்குப் பொருந்துமாறு செய்துகொள்ள ஒருவனால் முடிந்தது. முன்னவனுக்கு அளித்த அனுமதி பின்னவனுக்குச் சென்றது. மேலும், சரிபார்த்தலுக்கும் ஆணை அனுப்புதலுக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. பார்த்தபோது இருந்தவர் அனுப்பும்போது இல்லாது போகலாம். பெயரை எத்துணை நீளமாக்கினாலும் அவ்விடைவெளி மூடப்படுவதில்லை.

ஈண்டு நம் இலக்கணத்தின் மற்றொரு பகுப்பு கைகொடுக்கிறது. ‘அவன்’, ‘இது’ என்பன சுட்டுப்பெயர்கள். அப்துல்லா என்ற பெயர் ஊரில் பலருக்கு இருக்கும். எதிரே நிற்பவரைக் கைநீட்டி ‘இவர்’ என்றால் ஐயம் இல்லை. கணிப்பொறியிலும் இத்தகைய சுட்டு உண்டு. விண்டோஸ் என்டி 1993-இல் வெளிவந்த நாள்முதல், செயல்முறையைத் தொடங்கும் அழைப்பு எண்ணை மட்டுமன்றி ‘ஹேண்டில்’ ஒன்றையும் தருகிறது. பிடி என்று அதனைத் தமிழில் கூறலாம். நாம் அப்பிடியை விடாதவரை, செயல்முறை முடிந்துபோனாலும் அதன் எண் பிறர்க்கு வழங்கப்படாது. சைக்கிள் நிறுத்தத்தில் தரும் டோக்கனை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி நம் சட்டைப்பையில்; பாதி வண்டியில். நாம் திருப்பித் தரும்வரை அந்த எண் வேறு வண்டிக்குச் செல்லாது. அதுவும் எண்தானே எனில், ஆம்; ஆனால் அது நமக்காக நிறுத்தி வைக்கப்பட்ட எண்.

யூனிக்ஸ் வழித் தளங்கள் இதற்கு நெடுங்காலம் எடுத்துக்கொண்டன. ஃப்ரீபிஎஸ்டி தன் 9.0 பதிப்பில், 2012-இல், தான் பிறப்பிக்கும் குழந்தைகளுக்குப் பிடி பெறும் வசதியைத் தந்தது. லினக்ஸில் 2019-ஆம் ஆண்டில் 5.1, 5.2, 5.3 என அடுத்தடுத்த மூன்று பதிப்புகளில் ‘பிட்-எஃப்டி’ என்னும் ஏற்பாடு படிப்படியாக வந்து சேர்ந்தது: முதலில் பிடி வழியாகக் குறிப்பு அனுப்புதல்; பின் பிறக்கும்போதே பிடி பெறுதல்; அதன்பின் ஓடிக்கொண்டிருப்பதன் எண்ணைக் கொடுத்துப் பிடி பெறுதல். திறந்த கோப்பை எப்படிப் பிடித்திருக்கிறோமோ அப்படியே செயல்முறையையும் பிடித்திருக்கிறோம்.

தளம் கடந்த இடைமுகங்களை வகுத்தோர் இவ்வேறுபாட்டை எவ்வாறு கையாண்டனர் என்று நோக்கினால் வியப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றும். பைத்தான் மொழியின் பழைய ‘ஸ்பான்’ அழைப்புகள் யூனிக்ஸில் எண்ணைத் தருகின்றன. விண்டோஸில் எண் என்ற பெயரில் பிடியைத் தருகின்றன. ஒரு பெயர், இரண்டு பொருள். இதனைப் பொதுமை என்று கூற நம் மனம் ஒப்பவில்லை. ஜாவா மொழி வேறு வழியில் சென்றது: தளத்துக்குத் தளம் மாறுவது எதற்கு என்று, இருபது ஆண்டுகளுக்கு மேல் அடையாள எண்ணை அறியும் நேர்வழியையே அது தரவில்லை. நிரலாளர்கள் வேறொரு பயனுக்காக வைக்கப்பட்ட சரத்தில் ‘@’ குறிக்கு முன்னுள்ள பகுதியை வெட்டி எண்ணைப் பெற்றனர். வாயிலை அடைத்தால் சாளரம் வழியே நுழைவார்கள். 2017-இல் வந்த ஜாவா 9-இல்தான் செயல்முறைக்கெனப் பிடி ஒன்றும், எத்தளத்து எண்ணும் அடங்கும் 64 பிட் வகையும் வந்தன. விண்டோஸின்மேல் யூனிக்ஸ் சூழலை அமைக்கும் ‘சிக்வின்’ தன் பட்டியலில் தன்னுடைய எண்ணையும் விண்டோஸ் எண்ணையும் இரு நிரல்களாக அருகருகே காட்டுகிறது. சென்னைத் தெருவின் பழைய எண், புதிய எண் பலகைதான் அது! அழகில்லை; ஆனால் நேர்மையானது. 2008-இல் லினக்ஸ் பெற்ற எண்வெளிப் பிரிப்பும் இவ்வாறே. தனி அறைக்குள் அடைக்கப்பட்ட செயல்முறை உள்ளே தன்னை 1 என்று அறியும். வெளியே அதற்கு வேறோர் எண். எண் வழங்கிய எல்லைக்கு வெளியே அவ்வெண்ணுக்குப் பொருளில்லை.

தொண்ணூறுகளில் இத்தகைய மலர்களை அச்சுக்குக் கொடுத்தவர்களுக்கு இந்நிலை புதிதன்று. ஓர் எழுத்துருவில் ‘அ’வுக்குரிய எண் மற்றோர் எழுத்துருவில் வேறோர் எழுத்து. நம் கல்லூரியில் தட்டச்சு செய்த கவிதை அச்சகத்தில் புரியாத குறிகளாக மாறி நின்றது. ஒவ்வொருவரும் தம் எண்ணே எழுத்து என்று நம்பினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாடும், 2010-இல் அரசு யூனிகோடை ஏற்றதும் அக்குழப்பத்தைத் தீர்க்க எடுத்த முயற்சிகளே. எழுத்துகளின் எண்ணிக்கை நிலையானது. ஆகவே உலகுக்கெல்லாம் ஒரே எண் அட்டவணை அங்குத் தீர்வாயிற்று. செயல்முறைகளோ பிறந்து மடிபவை. அவற்றுக்கு நிலைத்த அட்டவணை வகுக்க இயலாது. இவ்வேறுபாட்டை மறந்து, ‘தரப்படுத்தினால் தீரும்’ என்று இங்கும் சொல்வோர் உளர். அவரோடு நாம் உடன்படவில்லை.

எனவே நம் கருத்து இது. தளம் கடந்த இடைமுகம் நிரலின் கையில் எண்ணைக் கொடுக்கக் கூடாது. பிடியைக் கொடுக்க வேண்டும். காத்திருத்தல், நிலை அறிதல், நிறுத்தல் ஆகிய அனைத்தும் பிடியின்மேல் நிகழ வேண்டும். எண்ணை மனிதன் கண்ணுக்குக் காட்டலாம், பதிவேட்டில் எழுதலாம், இரண்டும் ஒன்றா என ஒப்பிடலாம். கூட்டல், கழித்தல், பெரிது சிறிது பார்த்தல் ஆகியவற்றுக்கு இடமளிக்கலாகாது. வெளியிலிருந்து வரும் எண்ணைக் கொண்டு பிடி பெறும் வாயில் ஒன்று இருக்கட்டும்; ஆனால் அது தனி வாயிலாக, தோல்வியைத் தெளிவாகக் கூறுவதாக இருக்கட்டும். பிடித்தபின் பெயரையும் தொடக்க நேரத்தையும் சரிபார்த்து, ‘இவரே நாம் தேடியவர்’ என்று உறுதி செய்துகொண்டு ஆணை இடலாம். பிடித்துக்கொண்டு பார்ப்பதற்கும் பார்த்துவிட்டுப் பிடிக்க ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

மறுப்புரைகள் உண்டு. எண் எளியது, தொலைபேசியில் சொல்லலாம், பிடியைச் சொல்ல இயலாது. உண்மை, எனவேதான் எண்ணை ஒழிக்கச் சொல்லவில்லை. பிடியை விட மறந்தால் வளம் வீணாகும் என்பர். அதுவும் உண்மை, திறந்த கோப்பை மூட மறப்பதும் அத்தகையதே, அதற்காகக் கோப்பைத் திறவாமல் இருப்பதில்லை. பிடி வசதியே இல்லாத தளங்கள் உள்ளனவே என்பது வலிய மறுப்பு. அதற்கு விடை பாதிதான் உண்டு. தான் பெற்ற குழந்தையைப் பொறுத்தவரை யூனிக்ஸ் வழித் தளங்களில் பழைய ஏற்பாடே போதும்: பெற்றோர் வந்து அதன் முடிவைக் கேட்டறியும்வரை மடிந்த குழந்தையின் எண் பிறர்க்கு வழங்கப்படுவதில்லை. இடைமுகம் அக்கேள்வியைத் தன் கட்டுக்குள் வைத்துக்கொண்டால் பிடிக்கு நிகரான உறுதி கிட்டும். பிறர் குழந்தையைப் பொறுத்தவரை அவ்வுறுதி இல்லை. இல்லை என்பதை இடைமுகம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இருப்பதுபோல் நடிப்பது தீங்கு.

பழைய நிரல்களை எல்லாம் மாற்றி எழுத வேண்டுமே என்று அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. கோ மொழியில் செயல்முறை என்பது தொடக்கம் முதலே ஒரு பொருளாகத் தரப்பட்டது; உள்ளே இருந்தது என்னவோ எண்தான். 2024-இல் வந்த 1.23 பதிப்பில், லினக்ஸில் அந்த எண்ணுக்குப் பின்னே பிட்-எஃப்டியை வைத்துவிட்டனர். அப்பொருளின் வழியே பணியாற்றி வந்த நிரல்கள் ஒரு வரியும் மாறாமலே பயன்பெற்றன. எண்ணை வெளியே எடுத்துத் தாமே கில்லுக்கு அனுப்பிவந்த நிரல்கள் பழைய இடரிலேயே நின்றன.

நம் கல்லூரிகளின் ஆய்வகப் பயிற்சியேட்டில் ஃபோர்க் பற்றிய முதற்பயிற்சி, பெற்றோர் எண்ணையும் குழந்தை எண்ணையும் திரையில் அச்சிடுவதோடு முடிகிறது. அதற்கடுத்து இன்னொரு பயிற்சியைச் சேர்க்குமாறு கணினித்துறை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பயிற்சிக்கென ஒதுக்கிய கணிப்பொறியில் எண்களின் மேல்வரம்பைச் சில நூறாகக் குறைத்து, மடிந்த ஒன்றின் எண் வேறொன்றுக்குச் செல்வதை மாணவர் தம் கண்ணால் காணட்டும். பின்னர் அதே நிரலைப் பிடியைக் கொண்டு எழுதிப் பார்க்கட்டும். ஒரு பிற்பகல் போதும்.